சேட்டைக் கழற்றிய பின் கட்டுகிற மணிக்கூடு

மணிக்கூட்டுக் கடைக்கு வருகிற எவருக்கும் நேரம் தேவையில்லை. நேரம் எல்லாருடைய போனிலும் சும்மா கிடக்கிறது, அவர்களுக்குத் தேவை தங்கள் கையைப் பார்க்க நாலு பேர்.

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால், என் கடையிலுள்ள மணிக்கூடு அத்தனையும் இந்த நிமிஷமே நிற்கட்டும். இரணைமடுக் குளம் வான் பாய்கிற நேரம் அணைக்கட்டில் ஏறி நின்று, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் கத்திச் சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். அத்தனையும் உண்மை. (இப்போதே மூன்று மணிக்கூடு நின்றுதான் இருக்கின்றன. அது பற்றரி. அதற்கும் என் நாக்குக்கும் சம்பந்தமில்லை.)

கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்று எதையாவது விற்றவர்களே, விசேஷத்துக்குச் சாமான் தெரிவு செய்கிற மனிதரோடு கூடப் போய்க் கால் நோக நின்றவர்களே, நீங்கள் எல்லாரும் என் ஆட்கள். உங்களுக்குத்தான் இது விளங்கும். கிளிநொச்சியில் கோயில் கொடிகள் ஏறத் தொடங்கினால் என் கடையில் சனம் ஏறும். ஏனென்றால் எங்கள் கோயில்களில் ஆண்கள் மேலே போட்டிருக்கிற சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சேட்டைக் கழற்றினால் எல்லாரும் ஒரே வேட்டி, ஒரே வண்டி வயிறு. வித்தியாசம் காட்ட உடம்பில் இரண்டே இடம்தான் மிச்சம். கழுத்தை நகைக்கடைக்காரர் பார்த்துக்கொள்ளுவார். மணிக்கட்டு என் பொறுப்பு.

அரோகரா

தருமலிங்கம் இரணைமடு வாய்க்கால் தண்ணீரில் ஐந்து ஏக்கர் நெல் செய்கிறவர். கொடியேற இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலை நான் கடை திறந்த கையோடு வந்து நின்றார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. அவர் ஊர்க் கோயிலில் தேர்த்திருவிழா அவருடைய மாமனாரின் உபயம். மாமனார் போன பிறகு மகனும் மருமகனும் சேர்ந்து நடத்துகிறார்கள். மருமகன் இவர். மகன் ஆனந்தன் கனடாவில். நாலு வருஷத்துக்கு முதல் தேருக்கு வந்த ஆனந்தன், வடம் பிடிக்க நின்ற முழு ஊருக்கும் முன்னால் இவருடைய கையைத் தூக்கிப் பார்த்து, "அத்தான், இது ஓடுமோ?" என்று கேட்டாராம். ஊர் சிரித்ததாம்.

"ஓடும் எண்டு சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன்.

"அது ஓடேல்லை அண்ணை. அதுதானே பிரச்சினை."

அன்றைக்குக் கழற்றியவர் பிறகு கையில் ஒன்றும் கட்டவில்லை. இந்த வருஷம் ஆனந்தன் திரும்ப வருகிறார். "அவன் என்ரை கையைத் தூக்கக் கூடாது. தூக்கினாலும் வாய் திறக்காமல் கீழை விடவேணும். அப்பிடி ஒண்டு தாங்கோ" என்றார். நான் மஞ்சளாய் மினுங்குகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கட்டிப் பார்த்தார், திருப்தியில்லை. "சேட்டோடை பார்த்து என்ன தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே சேட்டைக் கழற்றி, என் சுவர் மணிக்கூடு ஒன்றின் மேல் கொழுவினார். என் கைக்கண்ணாடி போதாது என்று பக்கத்துப் புடைவைக் கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதன் முன்னால் நின்று, கும்பிடும்போது மணிக்கூடு முழங்கைக்கு வழுக்குகிறதா என்று பார்க்க, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி ஒரு "அரோகரா" வைத்தார் பாருங்கள், அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பற்றரி மாற்ற உள்ளே கால் வைத்த ரீச்சர் ஒருவர், வெறும் மேலோடு நின்ற இவரையும், பக்கத்தில் கைகட்டி நின்ற என்னையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றலாமோ விடலாமோ என்று ஒரு கணம் யோசித்தார்.

"ஐயா, பூசை முடியட்டும், நான் பிறகு வாறன்" என்றார்.

காகம்

அந்த மஞ்சள் மணிக்கூட்டை மூன்று நாள் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி கொடுத்துவிட்டேன். விசேஷ மணிக்கூட்டுக்கு நான் அப்படித்தான். வெயிலில் பார்க்க வேண்டும், வியர்வையில் பார்க்க வேண்டும், மனிசி என்ன சொல்லுகிறா என்று பார்க்க வேண்டும். தருமலிங்கம் அதைக் கட்டிக்கொண்டு வயல் வரம்பில் நின்றிருக்கிறார். மினுங்கல் வாய்க்காலுக்கு அங்கால் போய் விழுந்ததில், அங்கே உழுதுகொண்டிருந்தவர் யாரோ ரோர்ச் அடித்துத் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று உழவு மெசினை நிற்பாட்டிவிட்டு ஓடி வந்தாராம். அதுகூடப் பரவாயில்லை. ஒரு காகம் அந்த மணிக்கூட்டில் ஆசைப்பட்டுவிட்டது. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் ஏழு, மூன்றாம் நாள் முழுக் காகக் கூட்டமும் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கரடிப்போக்குச் சந்தி வரைக்கும் வந்ததை நானே கடைவாசலில் நின்று கண்டேன். கண்ணால் கண்டதைத்தான் சொல்லுகிறேன்.

மனிதர் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தச் செயின் ஒவ்வொரு முறையும் கையிலுள்ள ரோமத்தைக் கவ்விக் கவ்விப் பிடுங்கியதில், மணிக்கட்டைச் சுற்றி ஒரு வளையம் மொட்டையாய்க் கிடந்தது. 

"காகத்தைக் கலைக்கலாம் அண்ணை," என்றார், "ஆனால் இந்தக் கையைப் பார்த்தால், மணிக்கூடே தானாய்க் கழண்டு ஓடினது மாதிரியெல்லோ கிடக்கு."

விரால்

அடுத்ததாகப் பெரிய ஒன்றைக் காட்டினேன். கறுப்பு முகம், அதற்குள் மூன்று குட்டி முகம், சுற்றிவரப் பல்லு. இருநூறு மீற்றர் தண்ணீருக்குள்ளும் ஓடும் என்று பின்னால் எழுதியிருந்தது. நெல் வயல்காரருக்கு இருநூறு மீற்றர் ஆழத்தில் என்ன வேலை என்று கேட்காதேயுங்கோ. வாங்குகிறவருக்கு ஒரு கதை வேண்டும், விற்கிறவன்தான் அதைக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

நானும் சொன்னேன். இதே மாதிரி மணிக்கூடு ஒன்று இரணைமடுவில் மீன் பிடிக்கிற ஒருவரின் கையிலிருந்து கழன்று விழுந்தது. ஆறு மாதம் கழித்து அவருடைய வலையில் ஒரு விரால் பட்டது. குசினியில் வைத்து வெட்டினால் வயிற்றுக்குள் அதே மணிக்கூடு, ஒரு நிமிஷம்கூடப் பிந்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுமட்டுமில்லை, அந்த விரால் ஒவ்வொரு நாளும் சரியாய் ஆறு மணிக்கு மதகடிக்கு வந்து போனதாக மற்ற மீன்பிடிகாரரும் சொன்னார்கள். தருமலிங்கம் முகத்தில் ஒரு அசைவில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய மணிக்கூட்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு அதை மெதுவாய் என் பக்கம் தள்ளினார்.

"அண்ணை, அந்த விரால் எந்தக் கையிலை கட்டியிருந்தது?"

கண்ணாடிக்காரர்

ஆளுயரக் கண்ணாடியின் சொந்தக்காரர் நிசார் நானா. முல்லைத்தீவுப் பக்கத்து ஆள், என் பக்கத்துக் கடையில் சாறமும் சாறியும் விற்கிறார். ஒவ்வொரு பெருநாளுக்கும் முதல் நாள் என் கடைக்கு வந்து, "இந்த முறை புதுசு ஒண்டு எடுக்கத்தான் வேணும்" என்று அலுமாரி முழுவதையும் இறக்கிப் பார்ப்பார். தேநீர் குடிப்பார். கடைசியில் தன் பழைய மணிக்கூட்டையே கழற்றித் தந்து, துடைத்துத் தரும்படி கேட்டுக் கட்டிக்கொண்டு போவார். பதினொரு பெருநாளாக இதே கதை. என் கடையில் ஒன்றும் வாங்காமல் மிகவும் சந்தோஷமாய்ப் போகிற ஒரே ஆள் அவர்தான்.

கண்ணாடியைத் திருப்பி எடுக்க வந்தவரிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். ஐந்து நாள் போய்விட்டது, பதினேழு மணிக்கூடு கட்டிப் பார்த்தாயிற்று, பதினேழு தரம் சேட்டைக் கழற்றியாயிற்று, இந்த மனிதருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்றேன். நிசார் நானா கண்ணாடியைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் திரும்பி நின்றார்.

"அவர் தன்ரை கைக்குத் தேடேல்லை அண்ணை, மச்சான்ரை கண்ணுக்குத் தேடுறார். அந்தக் கண்ணுக்கு அளவெடுத்தனீங்களோ?"

வெள்ளெழுத்து

கொடியேறி மூன்றாம் நாள் தருமலிங்கம் மனைவியோடு வந்தார். செல்வமலர் குறைவாய்க் கதைக்கிறவா. ஆனால் அவா கதிரையில் இருந்ததுமே கடை அவவுடையதாகிவிட்டது. கணவர் சேட்டுப் பொத்தானில் கை வைத்தார். "என்னப்பா இது, கடையெண்டு பாருங்கோ" என்றா. கை இறங்கியது. பிறகு அலுமாரியின் கீழ்த் தட்டில், நான் தூசு தட்டவே மறந்து போன ஒன்றைக் காட்டி எடுக்கச் சொன்னா. வெள்ளை முகம். கறுப்பில் பெரிய பெரிய இலக்கம், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒன்றும் விடாமல். ரோமம் பிடுங்காத, நெளிந்து கொடுக்கிற வெள்ளிநிறப் பட்டி. ஆஸ்பத்திரித் தாதிமார் வாங்குகிற சாதி.

தருமலிங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. இதைக் கட்டிக்கொண்டு வடத்தடியில் நின்றால் ஆனந்தன் கையைத் தூக்காமல் விடுவானோ, நாலு வருஷச் சிரிப்பைத் திரும்பச் சிரிக்க மாட்டார்களோ என்று மனிதர் கெஞ்சாத குறை. எனக்கும் பாவமாய்ப் போய்விட்டது. மினுங்குகிற ஒன்றை மெதுவாய் முன்னால் நகர்த்தினேன். செல்வமலர் அதை எடுத்துக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்து, "நேரம் என்ன, சொல்லுங்கோ" என்றா. அவர் கண்ணைச் சுருக்கினார், கையை நீட்டினார், மடக்கினார், வெளிச்சத்துக்குத் திரும்பினார். சொல்ல முடியவில்லை. பதினேழு மணிக்கூடு கட்டிப் பார்த்தவர் ஒன்றிலும் நேரம் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விற்றுக்கொண்டு நின்ற நானும் பார்க்கச் சொல்லவில்லை.

"இவருக்கு வெள்ளெழுத்து விழுந்து மூண்டு வருசம் அண்ணை. கட்டியிருக்கிறவருக்கே தெரியாத நேரத்தை என்ரை தம்பிக்கு ஏன் காட்டுவான்?"

கதைக்கிற மணிக்கூடு

தேருக்கு இரண்டு நாள் முன்னால் வாசனையோடு ஒருவர் கடைக்குள் வந்தார். பெயரைக் கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. செல்வமலரின் அதே மூக்கு. ஆனந்தனுக்கு அத்தான் என்னிடம் வாங்கியது தெரியாது, நானும் சொல்லவில்லை. அவருடைய கையில் சதுரமாய் ஒரு கறுப்புக் கண்ணாடி. தோல் பட்டி கோயிலுக்கு ஆகாது என்று அக்கா சொன்னாவாம், றப்பர்ப் பட்டி போட வேண்டும். நான் பட்டி மாற்றி முடிப்பதற்குள் அந்த மணிக்கூட்டின் பிரதாபம் முழுவதும் கேட்டுவிட்டேன். நெஞ்சிடியை எண்ணும். நித்திரையை அளக்கும். நடந்தால் காலடி எண்ணும். மகன் பெரிய படிப்புக்கு எடுபட்டதற்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார், தேரன்று கோயிலைச் சுற்றி உருண்டு பிரதட்டை செய்யப் போகிறார், வெளிவீதி மண்ணில் எத்தனை தரம் உருண்டார் என்றுகூட இது கணக்கெடுக்குமாம்.

"விழுந்தால் தானாய்க் கண்டுபிடிச்சுச் சத்தம் போடும் ஐயா. அசையாமல் கிடந்தால் கனடாவிலை மனிசிக்குச் செய்தி போகும்" என்றார்.

"நீர் அடிக்கடி விழுகிறனீரோ தம்பி?"

"சே, ஒரு பாதுகாப்புக்கு."

மேளச் சத்தத்துக்குள் கேட்காதே, சத்தத்தைக் கூட்டுகிற இடம் எது என்று தெரியவில்லை, எல்லாம் மகன்தான் செய்து தருகிறவன் என்றார். எனக்கும் தெரியாது. ஆனால் ஐம்பது வருஷமாய் மணிக்கூட்டைத் தடவிய விரல், கண்டுபிடித்துவிட்டது. கூட்டினேன். இன்னும் கொஞ்சம் என்றார். கூட்டினேன். அவர் போதும் என்று சொன்ன பிறகு, அவர் பார்க்காத நேரம் இன்னும் ஒரு துளி கூட்டினேன். அது வாடிக்கையாளருக்கு நான் வழமையாய்ச் செய்கிற உபகாரம். அவர் என் அலுமாரியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"இவ்வளவு வைச்சிருக்கிறீங்கள் ஐயா, ஒண்டாவது உங்களோடை கதைச்சிருக்கோ?"

தேர்

சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகுகாலம், அதற்கு முதல் தேர் அசைய வேண்டும். நான் கடையைப் பூட்டிவிட்டு விடியவே போய்த் தேரடியில் நல்ல இடமாய்ப் பார்த்து நின்றேன். தருமலிங்கம் உபயகாரர் சால்வையை இடுப்பில் கட்டி, வெறும் மேலோடு, வலக்கையால் இடக்கை மணிக்கட்டைப் பொத்திக்கொண்டு நின்றார். எப்படியும் ஆனந்தன் அந்தக் கையைத் தூக்குவார் என்று அவருக்குத் தெரியும். கூட்டத்தில் பாதிப் பேருக்கும் தெரியும். அதற்கென்றே முன்னுக்கு வந்தவர்களையும் நான் கண்டேன்.

ஆனந்தன் குளித்த ஈரத்தோடு பிரதட்டையைத் தொடங்கினார். கிழக்கு வீதி நன்றாகப் போனது. தெற்கு வீதியில் வேகம் குறைந்தது. மேற்கு, வடக்கு எல்லாம் தாண்டித் தேரடிக்குப் பத்துப் பாகத் தூரம் இருக்கும்போது, தலை சுற்றி, கையை ஓங்கி நிலத்தில் அடித்து, மல்லாக்காய்க் கிடந்து இளைத்தார். ஒரு நிமிஷம் போயிருக்காது. அவருடைய கையிலிருந்து ஒரு பெண்பிள்ளை இங்கிலீசில், பலமாய் விழுந்துவிட்டீர்களோ என்று விசாரித்தாள். அவர் பதில் சொல்ல மூச்சில்லை. அடுத்து எழும்பியது ஒரு ஊளை. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தவில்காரர் இது எந்தத் தாளம் என்பது போல மற்றத் தவில்காரரைப் பார்த்தார். அந்த ஊளை ஏ ஒன்பது வீதி வரைக்கும் கேட்டு, பஸ் ஒன்று அம்புலன்ஸ் வருகிறதென்று ஓரம் கட்டியதாக நான் பிறகு விசாரித்து அறிந்தேன். செல்வமலரின் போன் அடித்தது. கனடாவிலிருந்து ஆனந்தனின் மனைவி அழுகிறா. "விழேல்லை மச்சாள், உருளுறான்" என்று செல்வமலர் சொல்ல, "அந்த இடுப்போடை அவரை ஆர் உருளச் சொன்னது?" என்று அங்கேயிருந்து கேட்டது, நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

ஆனந்தன் மணிக்கூட்டை அமத்துகிறார், தட்டுகிறார், மண் படிந்த ஈரவிரலை அது மதிக்கவில்லை. தேருக்கு மேலிருந்து ஐயர் பதறிப்போய், "நேரம் என்ன, ஆராவது சொல்லுங்கோ" என்று கேட்டார். சொல்ல ஆளில்லை. அத்தனை போனும் ஆனந்தனை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தன. அப்போது தருமலிங்கம் பொத்தியிருந்த கையை எடுத்தார். கண்ணைச் சுருக்கவில்லை, கையை நீட்டி மடக்கவில்லை. "எட்டு அம்பத்தாறு ஐயா. நாலு நிமிசம் கிடக்கு" என்றார். பிறகு அதே கையை மச்சானுக்கு நீட்டினார். ஆனந்தன் அந்த மணிக்கட்டையே பிடித்து எழும்பினார். நாலு வருஷத்துக்கு முதல் சிரித்த ஊர் முழுவதும் வீடியோவை நிற்பாட்டிவிட்டு அந்தக் கையைப் பார்த்தது. ஊளை மட்டும் நிற்கவில்லை. தருமலிங்கம் மச்சானின் கையை மெதுவாய்த் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், இது நிக்குமோ?"

திங்கட்கிழமை

எட்டு ஐம்பத்தெட்டுக்குத் தேர் அசைந்தது. மச்சான்மார் இருவரும் ஒரே வடத்தைப் பிடித்தார்கள். மணிக்கூடு தெற்கு வீதி மூலை வரைக்கும் கூடவே ஊளையிட்டுப் போய், பற்றரி முடிந்து பிராணனை விட்டது. பின்னேரம் வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் ஆனந்தன் அத்தானுடைய கையைத் திரும்பவும் தூக்கினாராம். தருமலிங்கம் கவளத்தை வாய்க்குக் கொண்டு போகாமல் அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். அடுத்த நாள் வந்து இதைச் சொல்லும்போது மனிதர் என் கதிரையில் முதல் தரம் வசதியாய் இருந்தார். ஆனந்தன் கேட்டது இவ்வளவுதான்: "அத்தான், உந்த மணிக்கூட்டை எங்கை வாங்கினனீங்கள்?"

திங்கட்கிழமை ஆனந்தனே வந்தார். வாசனை இல்லை, அந்தப் பெரிய குரலும் இல்லை. பெரிய இலக்கம், வெள்ளை முகம், கதைக்காதது ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். கீழ்த் தட்டில் அதன் சோடி கிடந்தது. கட்டினார், திருப்பிப் பார்த்தார். பிறகு நான் ஒன்றும் சொல்லாமலே சேட்டைக் கழற்றி, அதே சுவர் மணிக்கூட்டின் மேல் கொழுவி, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். நான் நிசார் நானாவின் கண்ணாடியை எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் இன்னும் கையை இறக்கவில்லை.

"வழுக்கேல்லை ஐயா," என்றார், "ஆனால் நான் போதும் எண்ட பிறகும் அந்தச் சனியனின்ரை சத்தத்தை அங்கையிருந்து அவ்வளவுக்குக் கூட்டிவிட்டது என்ரை மகனாய்த்தான் இருக்கும்."

அவர் அப்படியே நினைத்துக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டார்; விசேஷத்துக்குக் கட்டுகிற மணிக்கூடு நேரத்தைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்பது என் ஐம்பது வருஷ அனுபவம், ஆனபடியால் நீங்களும் அந்த மணிக்கூடு மாதிரியே இருந்து, இதை உங்களுக்குச் சொன்னது யார் என்று ஒருவருக்கும் சொல்லாமல் விடுங்கோ.